புலா என்றால் மழை

நாணயத்துக்கு உலகத்தார் பலவிதமான பெயர்களை வைத்திருக்கிறார்கள். எடையின் பெயரை வைத்தவர்கள் உண்டு. வெள்ளியின் பெயரை வைத்தவர்கள் உண்டு. ஆனால் ஆப்பிரிக்காக் கண்டத்தின் தென்பகுதியிலுள்ள போட்ஸ்வானா நாட்டார், மழையின் பெயரை வைத்திருக்கிறார்கள். 1976-ஆம் வருஷத்தில், அதுவரை புழங்கிவந்த தென்னாப்பிரிக்க ராண்டை விலக்கித் தங்களுக்கென்று தனி நாணயம் ஏற்படுத்திக்கொண்டபோது, அதற்குப் 'புலா' என்று பெயரிட்டார்கள். அவர்களுடைய செட்ஸ்வானா மொழியில் புலா என்றால் மழை. நூறு 'தேபே' கொண்டது ஒரு புலா. தேபே என்றால் கேடயம். அரசாங்க முத்திரையின் அடியிலும் புலா என்ற ஒரே சொல்தான் பொறித்திருக்கிறது. தேசியக் கொடியின் நீல நிறம் மழைநீரைக் குறிக்கிறது. பொதுக்கூட்டம் முடியும்போது நாம் ஜே கோஷம் போடுவதுபோல், அவர்கள் "புலா!" என்று முழங்குகிறார்கள்.

இந்த மழைப் பற்றுக்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை. நாட்டில் சுமார் 70 சதவீதத்தைக் கலஹாரிப் பாலைவனம் மூடியிருக்கிறது. பாலைவனம் என்றதும் நேயர்களின் மனக்கண்முன் மணல் மேடுகளும் ஒட்டகங்களும் தோன்றக்கூடும். கலஹாரி அத்தகையதன்று. அங்கே புல் உண்டு, முள்மரங்கள் உண்டு, கூட்டங் கூட்டமாக மான்களும் உண்டு. இல்லாதது ஓடும் நீர் ஒன்றுதான். நவம்பர் முதல் மார்ச்சு வரையில் வானம் மனம் வைத்தால் கொஞ்சம் பெய்யும். பெய்ததை மணல் உறிஞ்சிவிடும். பிறகு ஏழெட்டு மாதம் ஆகாயத்தில் மேகமே தென்படாது. தமிழ்நாட்டைப்போல் நான்கரை மடங்கு விஸ்தீரணமுள்ள இந்த நாட்டில், 2022-ஆம் வருஷத்து ஜனக்கணக்கின்படி, சுமார் 23½ லட்சம் பேரே வசிக்கிறார்கள்.

நாமும் நம் மனைவியும் கோடை விடுமுறையில் இந்த நாட்டுக்குப் பிரயாணமானது வன விலங்குகளைப் பார்ப்பதற்காகவே. பல வருஷங்களாகச் சேர்த்து வைத்த பணம், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக் கொடுத்துக் கொடுத்து ஏற்பட்ட ஆசை, இரண்டும் சேர்ந்து எங்களைக் கிளப்பின. விலங்குகளைக் கண்ணாரக் கண்டோம். ஆனால் ஊர் ஊராகப் போகப்போக வேறொரு கேள்வி மனத்தில் எழுந்து, கடைசிவரையில் கூடவே வந்தது. மழை மேட்டுக்கும் பள்ளத்துக்கும் பேதம் பார்க்காமல் பெய்கிறது. தன் செல்வத்துக்கு மழையின் பெயரை வைத்த நாட்டில், செல்வமும் அப்படிப் பெய்கிறதா?

தலைநகரும் மூன்று தலைவர்களும்

விமானம் ஜோஹானஸ்பர்க்கில் மாறி, நம்மைக் காபரோனில் இறக்கியது. நாம் காபரோன் என்று எழுதும் பெயரை அவ்வூரார் தொண்டையிலிருந்து 'ஹபரோனே' என்று உச்சரிக்கிறார்கள். அகன்ற வீதிகளும் புதிய கட்டிடங்களும் உள்ள நகரம். புதியதாக இருப்பதில் வியப்பில்லை. ஏனெனில் அறுபது வருஷங்களுக்குச் சற்று முன்னர்தான் தலைநகர் என்பதற்காகவே இதை நிர்மாணித்தார்கள். அதற்கு முன் பெச்சுவானாலாந்து என்ற பெயருடன் பிரிட்டிஷாரின் பாதுகாப்பில் இருந்த காலத்தில், இந்த நாட்டை ஆண்ட அதிகாரிகள் தென்னாப்பிரிக்க எல்லைக்குள் இருந்த மாபெகிங் என்ற ஊரில் உட்கார்ந்துகொண்டு ஆண்டார்கள்! தலைநகரம் நாட்டுக்கே வெளியில் இருந்த விந்தையை வேறெங்கே காண்பது? 1966 செப்டம்பர் 30-ஆம் தேதி சுதந்திரம் வந்தபோது, தார் போட்ட சாலை மொத்தம் 12 கிலோமீட்டர் என்றும், நாடு முழுவதற்கும் 22 பட்டதாரிகளே என்றும் சரித்திர நூல்கள் கூறுகின்றன.

நகரின் நடுவில் மூன்று பெரிய வெண்கலச் சிலைகள் வரிசையாக நிற்கின்றன. மூன்றாவது காமா, முதலாம் செபேலே, முதலாம் பதோவென் என்ற மூன்று குலத்தலைவர்கள். 1895-ஆம் வருஷத்தில் சிசில் ரோட்ஸ் தம்முடைய கம்பெனியின் ஆட்சிக்குள் இந்தப் பூமியையும் சேர்த்துக்கொள்ளத் திட்டமிட்டார். இம் மூவரும் கப்பலேறி இங்கிலாந்துக்குச் சென்று, ஊர் ஊராகக் கூட்டங்களில் பேசி, ஜனங்களின் ஆதரவைத் திரட்டிக்கொண்டு, குடியேற்ற மந்திரி சேம்பர்லினிடம் வாதாடினார்கள். அடுத்த சில மாதங்களில் ரோட்ஸின் ஆள் ஜேம்ஸன் டிரான்ஸ்வால்மீது படையெடுத்துத் தோற்றதும், கம்பெனியின் திட்டமும் கைவிடப்பட்டது. ரோட்ஸின் பெயரைத் தாங்கியிருந்த தேசங்கள் பிற்காலத்தில் அந்தப் பெயரை உதறின. இந்த நாட்டுக்கு அந்தச் சிரமம் ஏற்படவில்லை.

ஆசிரியத் தொழிலில் இருப்பவர்களை அதிகமாகக் கவரும் சிலை வேறொன்று. அது சர்வகலாசாலை வளாகத்தில் இருக்கிறது: ஒரு குடியானவன் தன் மாட்டை ஓட்டிக்கொண்டு வருகிறான். முன்னர் போட்ஸ்வானா, லெசோத்தோ, ஸ்வாசிலாந்து என்ற மூன்று நாடுகளுக்கும் பொதுவாக ஒரு சர்வகலாசாலை இருந்தது. 1975-இல் லெசோத்தோ தன் பங்கைப் பிரித்துக்கொண்டுவிட்டது. போட்ஸ்வானாவிடம் கட்டிடமும் இல்லை, பணமும் போதவில்லை. அப்போது ஜனாதிபதி செரெட்சே காமா ஜனங்களை நோக்கி, 'ஆளுக்கு ஒரு மாடு' கொடுங்கள் என்று வேண்டுகோள் விடுத்தார். மாட்டையே செல்வமாகக் கருதும் ஜனங்கள் மாடுகளை ஓட்டிவந்து கொடுத்தார்கள். மாடு இல்லாதவர்கள் தானியம் கொடுத்தார்கள். முட்டை கொடுத்தவர்களும் உண்டு. அவ்விதம் எழுந்த சர்வகலாசாலை 1982-இல் தனி ஸ்தாபனமாயிற்று. அந்தச் சிலையின் முன் வெகுநேரம் நின்றோம். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவன், தான் ஒருநாளும் நுழையப்போகாத கட்டிடத்துக்காகத் தொழுவத்திலிருந்து ஒரு மாட்டை அவிழ்த்து விடுகிறான் என்றால், அதைவிடப் பெரிய கல்வித் தானம் ஏது?

செரோவே

காபரோனிலிருந்து வடக்கே அரைநாள் பஸ் பிரயாணம் செய்தால் செரோவே. பஸ்ஸில் ஏறியவுடன் ஒரு பாடம் கற்றுக்கொண்டோம். இந்த நாட்டில் யாரிடமும் நேராக விஷயத்தைக் கேட்கக்கூடாது. ஆணாக இருந்தால் "துமேலா, ரா" என்றும், பெண்ணாக இருந்தால் "துமேலா, மா" என்றும் முதலில் வந்தனம் சொல்லவேண்டும். ரா என்றால் தகப்பனார்; மா என்றால் தாயார். முன்பின் தெரியாதவர்களை ஐயா, அம்மா என்று அழைத்துப் பழகிய நமக்கு இது கஷ்டமாக இல்லை. "இந்த ஊர்ப் பாஷையில் பாதி எனக்கு வந்துவிட்டது" என்று நம் மனைவி பெருமைப்பட்டுக்கொண்டாள்.

செரோவே மண்சுவர் வீடுகளும் ஓட்டு வீடுகளும் கலந்து பரந்து கிடக்கும் பெரிய கிராமம். நடுவில், பிறை வடிவமாக மரக்கம்பங்கள் நட்ட வெளி ஒன்று இருக்கிறது. 'கோட்லா' என்று அதற்குப் பெயர். ஊர்ப் பஞ்சாயத்துக் கூடும் இடம். தலைவர் முடிவு சொல்லுமுன் எவரும் எழுந்து தம் கருத்தைச் சொல்லலாம்; சபையில் சொன்ன சொல்லுக்காக யாரையும் பகைக்கக்கூடாது என்பது மரபு.

அருகிலுள்ள குன்றின்மேல் அரச குடும்பத்தாரின் சமாதிகள் உள்ளன. லண்டனுக்குச் சென்ற காமாவின் சமாதியின்மேல் வெண்கலத்தில் ஒரு சிறு மான் நிற்கிறது. இவர்களில் ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு விலங்கு குலச்சின்னம். அந்தக் குலத்தார் அந்த விலங்கைக் கொல்லமாட்டார்கள், அதன் மாமிசத்தை உண்ணவும் மாட்டார்கள். ஒரு குலத்துக்கு மான், மற்றொன்றுக்கு முதலை. வன விலங்குச் சட்டங்கள் புத்தகத்தில் ஏறுவதற்கு வெகு காலம் முன்பே இது நடந்துவருகிறது.

செரெட்சே காமாவும் அதே குன்றில்தான் அடக்கமாகியிருக்கிறார். குலத் தலைமைக்கு உரியவரான அவர், 1948-இல் லண்டனில் ரூத் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணியை மணந்தார். நிறபேதத்தையே அரசியல் கொள்கையாகக் கொண்டிருந்த தென்னாப்பிரிக்க சர்க்காருக்கு இது பொறுக்கவில்லை. அவர்களுடைய தயவை இழக்க விரும்பாத பிரிட்டிஷார் ஒரு விசாரணை நடத்தினார்கள். விசாரித்தவர்கள் அவர் தலைமைக்குத் தகுதியுடையவர் என்றே கண்டபோது, அந்த அறிக்கையை மறைத்துவிட்டு அவரைத் தேசப் பிரஷ்டம் செய்தார்கள். 1956-இல் குலத் தலைமையைத் துறந்த பிறகே அவர் திரும்பிவர முடிந்தது. பத்து வருஷங்களில் அதே மனிதர் சுதந்திர நாட்டின் முதல் ஜனாதிபதி ஆனார். பிரஷ்டம் செய்தவர்கள்மீதோ வெள்ளையர்மீதோ அவர் வஞ்சம் தீர்த்துக்கொள்ளவில்லை.

செரோவேயை உலகத்துக்குச் சொன்னவர் ஓர் உபாத்தியாயினி. தென்னாப்பிரிக்காவிலிருந்து 1964-இல் ஆசிரியையாக வந்த பெஸ்ஸி ஹெட், இந்தக் கிராமத்திலேயே வாழ்ந்து நாவல்கள் எழுதினார். கிராமத்தாரின் வாய்மொழிகளைத் தொகுத்து அவர் வெளியிட்ட நூலில், செரோவேயை மழைக்காற்றின் கிராமம் என்றே தலைப்பில் குறித்திருக்கிறார்.

ஊருக்கு வெளியே, கிராமத்தாரே 1992-இல் ஏற்படுத்திய காண்டாமிருக சரணாலயம் ஒன்று இருக்கிறது. கொம்புக்காக வேட்டையாடி இந்த நாட்டில் அந்த இனமே அற்றுப்போகும் நிலைமை ஏற்பட்டபோது, மிஞ்சியவற்றைக் காப்பாற்ற எழுந்தது அது. மாலை வேளையில் ஒரு தாயும் கன்றும் நீர்க்குட்டையை நோக்கி நடந்து வந்தன. அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு மெதுவாகப் புல் மேய்வதைப் பார்த்தால், இதைப் பயங்கர மிருகம் என்று யார் சொன்னார்கள் என்று தோன்றுகிறது.

வைரமும் கறையானும்

செரோவேயிலிருந்து வடமேற்கே செல்லும் சாலையில் ஓராப்பா என்ற ஊர். வேலிக்குள் இருக்கும் ஊர். அனுமதிச் சீட்டில்லாமல் உள்ளே போகமுடியாது. பஸ்ஸிலிருந்து பார்த்தால், தோண்டியெடுத்த மண் மலைபோல் குவிந்திருப்பது தெரிகிறது. உலகத்துப் பெரிய வைரச் சுரங்கங்களில் ஒன்று இது. 1967-இல், அதாவது சுதந்திரம் வந்த மறு வருஷம், இங்கே வைரம் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது.

கலஹாரியில் ஆழ்ந்த மணலுக்கடியில் கிடக்கும் வைரப் பாறையைத் தேடுவோர் கறையான் புற்றையும் சோதிக்கிறார்கள். ஈரம் தேடிக் கீழே இறங்கும் கறையான், மண்ணோடு மண்ணாக அந்தப் பாறைக்கு அடையாளமான தாதுத் துகள்களையும் மேலே கொண்டுவந்து விடுகிறது. கறையானின் மற்றோர் உபகாரத்தைப் பின்னால் சொல்லுவோம்.

ஓராப்பா இருப்பது செரெட்சே காமாவின் சொந்தக் குலத்தாருடைய பூமியில். நிலத்துக்கடியில் உள்ளதெல்லாம் எங்கள் குலத்துக்கே என்று அவர் சொல்லியிருக்கலாம். கண்டத்தின் வேறு பல இடங்களில் அத்தகைய வாதங்களால் இரத்த ஆறு ஓடியிருக்கிறது. ஆனால் கனிப்பொருள் எதுவும் நாடு முழுவதற்கும் பொது என்று அவருடைய அரசாங்கம் சட்டம் செய்தது. சுரங்கக் கம்பெனியில் சர்க்காருக்குப் பாதிப் பங்கு. வந்த பணம் சாலைகளாகவும், பள்ளிகளாகவும், ஆஸ்பத்திரிகளாகவும் மாறியது. லண்டனில் நடந்துவந்த கச்சா வைர விற்பனை 2013 முதல் காபரோனுக்கு வந்தது. உலகத்து வைரங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பட்டை தீட்டுகிறவர்கள் நம் சூரத் நகரத்துத் தொழிலாளிகள் என்பதால், இந்தக் கல்லுக்கும் நமக்கும் கூடச் சம்பந்தம் உண்டு.

இவ்வளவு இருந்தும், இந்த நாடு உலகத்தில் ஏற்றத்தாழ்வு மிகுந்த நாடுகளில் ஒன்றாகவே இருக்கிறது. சுரங்கத்தில் இயந்திரங்களுக்கே வேலை அதிகம், மனிதர்களுக்குக் குறைவு. வைர விலை இறங்கினால் கஜானா வாடுகிறது. மழையை நம்பிய காலத்தில் வானத்தைப் பார்த்தார்கள். இப்போது அயல்நாட்டுச் சந்தையைப் பார்க்கிறார்கள்.

வேலி போட்டவர்களும் எடுத்தவர்களும்

இன்னும் வடக்கே போனால் போதேதி என்ற ஆறு. 1990-களின் தொடக்கத்தில் வற்றிய இந்த ஆறு, ஏறக்குறைய இருபது வருஷம் வெறும் மணலாகக் கிடந்து, 2009-இல் மறுபடியும் நீர் கண்டது. அதன் கிழக்கே மக்காடிகாடி உப்பளங்கள். ஒரு காலத்தில் பெரிய ஏரியாக இருந்த இடம். இன்று கண்ணுக்கெட்டிய வரையில் உப்பு படிந்த வெண்ணிறத் தரை. ஆற்றங்கரையில் வரிக்குதிரைகள் நூற்றுக்கணக்கில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன.

வரிக்குதிரைகளைப் பற்றி ஒரு வரலாறு உண்டு. மழைக்காலத்தில் ஒகவாங்கோ பக்கத்திலிருந்து உப்பளத்துப் புல்வெளிக்கு ஒரு கூட்டம் வலசை போவது பழைய வழக்கம். போகவர 500 கிலோமீட்டருக்கும் மேல். போட்ஸ்வானா ஐரோப்பாவுக்கு மாட்டிறைச்சி அனுப்பும் நாடு. காட்டு எருமைகளிடமிருந்து மாடுகளுக்குக் கோமாரி நோய் பரவாமலிருக்க, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கம்பி வேலிகள் போட்டார்கள். 1980-களின் பஞ்சத்தில், தண்ணீர் தேடிவந்த 'வில்டபீஸ்ட்' என்னும் பெரிய மான்கள் வேலிகளில் முட்டிக்கொண்டு பல்லாயிரக்கணக்கில் மடிந்தன. வரிக்குதிரைகளின் பாதையையும் 1968 முதல் ஒரு வேலி அடைத்துவிட்டது. 2004-இல் அந்த வேலியை எடுத்தார்கள். சில வருஷங்களுக்குள் வரிக்குதிரைகள் பழைய பாதையில் நடக்கத் தொடங்கியதை ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். முன்னர் அந்த வழி நடந்த குதிரை ஒன்றுகூட அப்போது உயிருடன் இருந்திருக்க முடியாது. முப்பத்தாறு வருஷம் மூடியிருந்த வழியை, அதை அறியாத தலைமுறை எப்படிக் கண்டுபிடித்ததோ!

மாட்டுக்காரனையும் குறை சொல்வதற்கில்லை. சர்வகலாசாலையைக் கட்டிக் கொடுத்தது அவனுடைய மாடு அல்லவா? ஒருவனுடைய சோறும் மற்றோர் உயிரின் வழியும் ஒரே இடத்தில் குறுக்கிடும்போது, நியாயம் எளிதில் தீர்வதில்லை.

கடலைச் சேராத ஆறு

மவுன் என்ற ஊரை அடைந்தபோது, அங்கே எல்லாருடைய வாயிலும் ஒரே பேச்சு: "தண்ணீர் எங்கே வந்திருக்கிறது?"

ஒகவாங்கோ ஆறு அங்கோலா நாட்டு மலைகளில் பிறக்கிறது. அங்கே ஜனவரி, பிப்ரவரியில் பெய்யும் மழைநீர் மெள்ள மெள்ளத் தெற்கே இறங்கிக் கலஹாரி மணலுக்குள் விரல்களைப்போல் விரிந்து பரவுகிறது. கடலை அது ஒருநாளும் காண்பதில்லை. பெரும்பகுதி ஆவியாகவும் செடிகொடிகளின் மூச்சாகவும் ஆகாயத்துக்குப் போய்விடுகிறது. விந்தை என்னவென்றால், நாடெங்கும் மழை ஓய்ந்து புல் கருகி நிற்கும் குளிர்காலத்தில்தான், ஜூன் முதல் ஆகஸ்டு வரையில், இங்கே வெள்ளம் உச்சத்தை அடைகிறது. சுற்றிலும் தாகத்தால் தவிக்கும் விலங்குகளெல்லாம் இந்தத் தண்ணீரைத் தேடி வருகின்றன. உலகப் பாரம்பரிய ஸ்தலங்களின் ஜாபிதாவில் ஆயிரமாவதாக 2014-இல் இடம் பெற்றது இந்தச் சதுப்பு நிலமே.

ஊரையொட்டிய தமலகானே ஆற்றின் உலர்ந்த படுகைக்குச் சென்றோம். குழந்தைகளும் பெரியவர்களும் கரையில் நின்றிருந்தார்கள். வெள்ளம் என்றால் நமக்கு நுங்கும் நுரையுமாகப் பாய்ந்து வருவது. இங்கே அது கைக்குழந்தை தவழ்வதுபோல் வந்தது. இலைச் சருகுகளையும் எறும்புகளையும் முன்னால் தள்ளிக்கொண்டு, ஒவ்வொரு குழியாக நிரப்பிக்கொண்டு, நாம் ஓரடி பின்வாங்கினால் தானும் ஓரடி முன்னால் வந்தது. நாம் சென்றது மே மாதக் கடைசி. அந்தத் தண்ணீர் பொங்கலையொட்டி அங்கோலாவில் பெய்த மழையாக இருக்கலாம் என்று எண்ணியபோது மெய் சிலிர்த்தது.

மறுநாள் 'மொகோரோ' என்ற தோணியில் ஏறினோம். முன்காலத்தில் பெருமரத்தைக் குடைந்து செய்வார்கள்; மரங்களைக் காப்பதற்காக இப்போது கண்ணாடி நாரால் செய்கிறார்கள். தோணிக்காரர் பின்னால் நின்று நீண்ட கழியால் ஊன்றித் தள்ளினார். நாணலுக்கிடையில் சத்தமே இல்லாமல் போனோம். "மா, கையைத் தண்ணீரில் வைக்கவேண்டாம், முதலை இருக்கும்" என்று அவர் சாவதானமாகச் சொன்னபோது, நம் மனைவி கையை எடுத்துக்கொண்ட வேகத்தில் தோணியே ஆடியது!

நடுவில் ஒரு தீவில் இறங்கினோம். இத்தகைய தீவுகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. பலவற்றை உண்டாக்கியது யார் தெரியுமா? முன்பு சொன்ன கறையான்தான். தண்ணீர் குறைந்த காலத்தில் புற்று எழுகிறது. வெள்ளத்துக்குமேல் நிற்கும் அந்தத் திட்டில் பறவை இட்ட விதை முளைக்கிறது. மரம் வளர வளரத் தீவும் வளர்கிறது. மரங்களின் வேர் தண்ணீரை உறிஞ்சும்போது, அதிலுள்ள உப்பு தீவின் நடுவில் தங்கிவிடுகிறது. சுற்றிலும் உள்ள நீர் குடிக்கத் தக்கதாகவே இருப்பதற்கு இதுவும் காரணம். உப்பளமாகப் போகவேண்டிய பூமியைச் சோலையாக வைத்திருப்பதில் கறையானுக்கும் மரத்துக்கும் பெரிய பங்குண்டு.

இந்தச் சதுப்பின் ஒரு பகுதியான மொரேமி சரணாலயத்தை 1963-இல் ஏற்படுத்தியவர்கள் வெளிநாட்டு நிபுணர்கள் அல்லர். இங்கேயே வாழும் தவானா குலத்தார். விலங்குகள் வேட்டையால் அருகிவருவதைக் கண்டு, குலத்தலைவரின் விதவையும் அப்போது ஆட்சிப் பொறுப்பை வகித்தவருமான எலிஸபெத் புலானே மொரேமி அம்மையார் தலைமையில், தங்கள் வேட்டை நிலத்தைத் தாங்களே விட்டுக்கொடுத்தார்கள். அந்த அம்மையாரின் பெயரிலும் மழை இருப்பதை நேயர்கள் கவனித்திருப்பார்கள்.

யானைக்கு யார் தீனி போடுவது?

யானைகளைப் பற்றிச் சொல்லாமல் போட்ஸ்வானாவைப் பற்றி எழுத முடியாது. 2022-ஆம் வருஷத்துக் கணக்கெடுப்பின்படி இந்த நாட்டில் சுமார் 1,30,000 யானைகள். இந்தியா முழுவதிலுமுள்ள காட்டு யானைகளைப்போல் நான்கு மடங்குக்கும் மேல்! தோணியிலிருந்தபடியே, முப்பது நாற்பது யானைகள் குட்டிகளை நடுவில் விட்டுக்கொண்டு வாய்க்காலைக் கடப்பதைப் பார்த்தோம். தும்பிக்கையை மட்டும் நீருக்குமேல் நீட்டிக்கொண்டு ஒரு குட்டி நீந்தியது. அந்தக் காட்சிக்காக எவ்வளவு தூரமும் பிரயாணம் செய்யலாம்.

ஆனால் அன்று மாலை, சதுப்போரக் கிராமம் ஒன்றில் ஒரு மூதாட்டியைச் சந்தித்தோம். அவருடைய சோளக்கொல்லையை முந்தின வாரம் யானைகள் ஒரே இரவில் அழித்துவிட்டிருந்தன. "நீங்கள் யானையைப் பார்க்கப் பணம் கொடுக்கிறீர்கள், மகனே; நான் என் சோளத்தைக் கொடுத்துவிட்டேன். உங்கள் பணம் என்னிடம் வரவில்லை" என்று வழிகாட்டியின் மூலம் நமக்குச் சொன்னார். மிளகாயையும் சாணத்தையும் பிசைந்து காயவைத்து, இரவில் கொளுத்திப் புகை போடுகிறார்கள். யானை அந்த நெடியைக் கண்டு விலகும். யானைத் தடங்களைக் கடந்து பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளுக்காகச் சில கிராமங்களில் பஸ் ஓட்டுகிறார்கள் என்று கேட்டபோது, உபாத்தியாயர் மனம் சற்று நடுங்கியது.

வேட்டையை 2014-இல் தடுத்த அரசாங்கம் 2019-இல் மறுபடியும் அனுமதித்தது. மேல்நாடுகளில் இதற்குப் பலத்த கண்டனம். வேட்டைச் சின்னங்களை இறக்குமதி செய்வதைக் கட்டுப்படுத்த ஜெர்மனி யோசித்தபோது, 2024-இல் அப்போதைய ஜனாதிபதி மசீசி, "உங்களுக்கு 20,000 யானைகளை அனுப்புகிறேன், நீங்களே அவற்றோடு வாழ்ந்து பாருங்கள்" என்ற கருத்தில் பதில் சொன்னார். வேட்டை நமக்கு உவப்பன்று. ஆயினும், தன் நாட்டுக் காட்டு மிருகங்களை வெகு நாளைக்கு முன்னரே தீர்த்துவிட்டுப் பிறருக்கு ஜீவகாருண்யம் போதிப்பவர்களுக்கு அந்தப் பதில் வேண்டியதுதான் என்று அந்த மூதாட்டியைப் பார்த்தபின் தோன்றிற்று. ஓர் இரவுக்கு நம்முடைய பல மாதச் சம்பளத்தைக் கேட்கும் விடுதிகள் இந்தச் சதுப்பில் இருக்கின்றன. அந்தப் பணத்தின் ஓரிரு துளியாவது சோளக்கொல்லையில் விழவேண்டாமா?

கலஹாரியின் பழங்குடியினர்

திரும்பும்போது மேற்கு வழியாக கான்ஸி ஜில்லாவைச் சுற்றிக்கொண்டு வந்தோம். இங்கே ஸான் என்றும், செட்ஸ்வானாவில் பஸார்வா என்றும் அழைக்கப்படும் பழங்குடியினரைச் சந்திக்கலாம். டிகார் என்ற சிற்றூரில் அவர்களுடைய ஓவியங்களையும், நெருப்புக்கோழி முட்டையோட்டில் செய்த மணிமாலைகளையும் பார்த்தோம். ஒரு முதியவர் எங்களைப் புதர்க்காட்டுக்குள் அழைத்துச் சென்று, காய்ந்த கொடி ஒன்றின் அடியில் தோண்டிக் கிழங்கை எடுத்து, சுரண்டிப் பிழிந்தார். உள்ளங்கை வழியாகத் தண்ணீர் சொட்டியது. மழைக்காலத்து நீரை நெருப்புக்கோழி முட்டையோட்டில் அடைத்து மண்ணில் புதைத்து வைக்கும் வழக்கத்தையும் சொன்னார். ஆயிரக்கணக்கான வருஷங்களாக நதியும் கிணறும் இல்லாமல் இந்தப் பூமியில் வாழ்ந்தவர்கள் அவர்கள் ஒருவரே.

1961-இல் பிரிட்டிஷார் காலத்திலேயே மத்திய கலஹாரியில் சுமார் 52,800 சதுரகிலோமீட்டரை ஒதுக்கி வைத்தார்கள். விலங்குகளுக்காகவும், அங்கேயே வாழ்ந்த இந்த ஜனங்களுக்காகவும். ஆனால் 1997-இலும் 2002-இலும் அரசாங்கம் அவர்களை வெளியேற்றிப் புதிய குடியிருப்புகளில் வைத்தது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி முதலிய வசதிகளை அங்கேதான் அளிக்க முடியும் என்பது அரசாங்கத்தின் வாதம். குழாய்க் கிணற்றை மூடினார்கள். அவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். 2006 டிசம்பர் 13-ஆம் தேதி, அவர்களை வெளியேற்றியது சட்டவிரோதம் என்று ஹைகோர்ட்டு தீர்ப்பளித்தது. வழக்கில் பெயர் கொடுத்தவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும் என்று சர்க்கார் கூறிற்று, கிணற்றையும் திறந்துவிடவில்லை. அதே வனத்துக்குள் விலங்குகளுக்கு நீர்க்குட்டைகள் இருந்தன. பயணிகளுக்கு விடுதி எழுந்தது, அதில் நீந்துவதற்குக் குளமும் இருந்தது. பிறந்த மண்ணில் மனிதனுக்கு மட்டும் குடிக்கத் தண்ணீர் இல்லை. மறுபடியும் வழக்காடி, 2011 ஜனவரி 27-ஆம் தேதி அப்பீல் கோர்ட்டில் தண்ணீருக்கு உரிமை பெற்றார்கள்.

இந்த வரலாறு நமக்கு இருவிதமான உணர்ச்சியை உண்டாக்கியது. மழையையே செல்வமென்று போற்றும் நாட்டில், தண்ணீருக்காகக் குடிமக்கள் கோர்ட்டு ஏறவேண்டியிருந்தது என்பது வருத்தம். சொந்த அரசாங்கத்துக்கு எதிராகச் சொந்த நாட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல முடிந்தது என்பது ஆறுதல். சுதந்திரம் பெற்ற நாளிலிருந்து தவறாமல் தேர்தல் நடத்திவரும் நாடு இது. 1966 முதல் ஆண்டுவந்த கட்சி 2024 அக்டோபரில் தோற்றபோது, கலகமின்றி ஆட்சியை ஒப்படைத்துவிட்டு விலகியது. அன்னியனை வெளியேற்றுவது சுதந்திரத்தின் முதல் அத்தியாயம். நம்மிலேயே வலியவன் எளியவனுக்குரிய தண்ணீரை அடைக்காமல் பார்த்துக்கொள்வது அடுத்த அத்தியாயம். அதற்கு எந்த நாட்டிலும் முடிவுரை எழுத முடியாது.

போட்ஸ்வானாவுக்குப் போகிறவர்கள் சிங்கத்தையும் யானையையும் அவசியம் பார்க்கட்டும். அவற்றோடு, மாடு கொடுத்துச் சர்வகலாசாலை கட்டிய குடியானவனின் சிலையையும், சோளக்கொல்லையில் புகை போட்டுக்கொண்டு இரவெல்லாம் விழித்திருக்கும் கிழவிகளையும், கிழங்கிலிருந்து தண்ணீர் பிழியும் முதியவர்களையும் பார்த்து வரவேண்டும். அந்த நாட்டில் காடும் விலங்கும் இன்றளவும் பிழைத்திருப்பது அவர்கள் கொடுத்த விலையினால்தான். அவர்கள் எல்லார்மீதும் பேதமின்றிப் பெய்யட்டும், புலா!